அண்டவெளி நாடகங்கள்: எமது வாசிகசாலைக்குச் சில நூல்கள்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



சென்ற மாதம் எமது வாசிகசாலைக் குழு கூடியபொழுது இளைஞர் சிலர் ஒரு விண்ணப்பங் கொடுத்தனர். ஆங்கில நூற்பகுதியிலே ஒரு தட்டு முழுவதையும் அண்டவெளிக் கதைகளுக்கு ஒதுக்கவேண்டும் என்பது விண்ணப்பம். குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் அதனை வாசித்து முடித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், "ஆகாயத்திலே கப்பல் விட்டுச் சண்டை பிடிக்கிற கதைக்குச் சங்கத்துக் காசோ?" என்று கேட்டார். இளைஞர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது. அதனாலேயே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகைக் கதைகளை ஆங்கிலத்தில் 'ஸ்பேஸ் ஒப்பரா' என்பர். ஒப்பரா என்றதும் இசைநாடகத்தை நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க வானொலியிலே பகல் வேளைகளில், வீட்டுப் பெண்களுக்கென்று, கண்ணீரும் கம்பலையுமான தொடர்நாடகங்கள் ஒலிபரப்பாகி வந்தன. அவற்றுக்குப் பணங் கொடுத்தவை சவர்க்காரக் கொம்பனிகள். ஆகவே அவற்றுக்குச் 'சவர்க்கார நாடகம்' என்ற கேலிப்பெயர் வந்தது. குதிரையுந் துப்பாக்கியுமாக ஓடிய படங்கள் 'குதிரை நாடகம்' எனப்பட்டன. 1941 இல் வில்சன் ரக்கர் என்னும் எழுத்தாளர், விண்கப்பல்களை வைத்துக்கொண்டு அரைத்த மாவையே அரைக்குங் கதைகளுக்கு 'அண்டவெளி நாடகம்' என்று பெயர் சூட்டினார். அது வசைப்பெயர். அந்த வசைப்பெயரே நாளடைவில் வழக்குப்பெயராகி, இன்று எழுத்தாளர் தாமே விரும்பிச் சூடிக்கொள்ளும் பெயருமாகிவிட்டது. பட்டப்பெயர் வீட்டுப்பெயராக நிலைத்துவிட்ட குடும்பங்கள் எமது ஊரிலும் உண்டு, விபரங் கேளாதீர்கள்.

பெரியவருடைய கேள்வி எந்த நூல்களுக்குப் பொருந்தும் என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். ஈ. ஈ. சிமித் என்பவர் உணவுப் பொருள்களை ஆராய்ந்த ஓர் இரசாயன வல்லுநர். அவருடைய 'ஸ்கைலார்க் ஒவ் ஸ்பேஸ்' 1928 இல் 'அமேஸிங் ஸ்ரோறீஸ்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. மனிதர் எமது சூரிய மண்டலத்தைக் கடந்து நட்சத்திரங்களிடையே ஓடித்திரியுங் கதைகளுக்கு வாயில் திறந்துவிட்ட நூல்களுள் அது ஒன்று. பின்னர் அவர் 'லென்ஸ்மன்' என்னுந் தொடரை எழுதினார். ஒவ்வொரு பாகத்திலும் கப்பல்கள் பெரிதாகும். ஆயுதங்கள் அதனிலும் பெரிதாகும். ஓரிடத்தில் இரண்டு கிரகங்களைப் பாக்குவெட்டியின் இரண்டு அலகுபோல இருபுறமுங் கொண்டுவந்து, நடுவிலுள்ள பகைக்கிரகத்தை நெரித்துவிடுகிறார்கள். பதினான்கு வயதிலே இதை வாசித்து நாம் துள்ளிக் குதித்தோம் என்பது உண்மை. நெரிபட்ட கிரகத்திலே இருந்தவர்களை எண்ணிக் கலங்க அந்த நூலுக்கு நேரமில்லை, எமக்கும் இருக்கவில்லை. சிமித்தின் நூல்களைச் சங்கப் பணத்தில் வாங்கவேண்டாம் என்பதே எமது கருத்து. வேண்டியவர் இரவல் வாங்கி ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இவ்வகை நூல்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. வென்றவனைப் பாடிய கதைகள் மெல்ல மெல்ல, வெல்லப்பட்டவன் என்ன ஆனான் என்று கேட்கத் தொடங்கின. அப்படிக் கேட்ட நூல்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1941 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், நியூயோர்க் நகரின் சுரங்கரயிலிலே ஐசாக் அசிமோவ் என்னும் இளைஞர் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 21. உருசியாவிற் பிறந்து, மூன்று வயதிற் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்தவர். பத்திராசிரியர் ஜோன் கம்பெலிடம் போகிறார். கையிற் கதை எதுவுமில்லை. ரயில் போய்ச் சேருமுன் உரோமப் பேரரசின் வீழ்ச்சி அவருடைய மனத்தில் வந்தது. கிப்பன் என்னும் சரித்திராசிரியர் அவ்வீழ்ச்சியைப் பற்றி எழுதிய பெருநூலை அவர் வாசித்திருந்தார். நட்சத்திரங்களெல்லாம் அடங்கிய ஒரு பேரரசு அவ்வாறே வீழ்வதாக எழுதினால் என்ன? அந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே 'பவுண்டேஷன்' கதைகள். 'பவுண்டேஷன்' என்றால் அத்திவாரம். 1942 முதல் 1950 வரை சஞ்சிகையில் வந்து, 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாயின.

கதையைச் சொல்லிக் கெடுக்கமாட்டோம். அடிப்படையை மட்டுஞ் சொல்வோம். பன்னீராயிரம் ஆண்டுகளாக நிலைத்த பேரரசு ஒன்று. அது விழப்போகிறது என்பதை ஹரி செல்டன் என்னுங் கணித அறிஞர் கணக்கிட்டு அறிகிறார். விழுந்தபின் முப்பதினாயிரம் ஆண்டு இருட்காலம். வீழ்ச்சியைத் தடுக்க அவரால் முடியாது. இருட்காலத்தை ஓராயிரம் ஆண்டாகச் சுருக்கலாம் என்கிறார். அதற்காக அறிஞர் கூட்டமொன்று பேரரசின் கடைக்கோடியிலுள்ள ஒரு கிரகத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே உலோகம் இல்லை, படை இல்லை, அறிவு மட்டும் உண்டு. சுற்றிலும் படைவைத்திருக்குங் குறுநில மன்னர்கள். இந்த நிலையில் ஒரு சிறு கூட்டம் எப்படிப் பிழைக்கும் என்பதே முதல் நூல். சண்டை மிகக் குறைவு. மனிதர்கள் அறைக்குள் இருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்கள் முதல் நூலில் இல்லை என்றே சொல்லலாம், அது பெருங்குறை. ஆயினும் சரித்திரத்தில் விருப்பமுள்ள பெரியோர் தொடங்குவதற்கு இதனிலும் ஏற்ற நூல் இல்லை.

செல்டனுடைய கணிதம் கோடானுகோடி மக்களின் போக்கைச் சொல்லும். தனியொருவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாது. அந்த ஓட்டைக்குள்ளால் இரண்டாம் நூலில் ஒருவன் வருகிறான். கோவேறு கழுதை என்பது அவனுடைய பட்டப்பெயர். அவன் யார் என்பது கடைசியிலேதான் தெரியவரும். நாம் மாணவராயிருந்த காலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் அந்த நூலை வாங்கினோம். வீட்டுக்கு வந்து வாசித்தால் கடைசிப் பதினாறு பக்கங்களைக் காணவில்லை. அவன் யாரென்று தெரியாமலே இரண்டு வருடங் கழித்தோம். எமது வாசிகசாலைக்குப் பழைய பிரதி வாங்குவோர் தயவுசெய்து கடைசிப் பக்கத்தைப் பார்த்து வாங்குக.

இனிப் போரைப்பற்றிய இரண்டு நூல்கள். இவற்றை அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். முதலாவது ரொபேட் ஹைன்லைனின் 'ஸ்ரார்ஷிப் றூப்பர்ஸ்', 1959. ஓர் இளைஞன் படையிற் சேர்கிறான், பயிற்சி பெறுகிறான், பூச்சியினம் ஒன்றுடன் போர் செய்கிறான். அந்த உலகிலே அரசாங்க சேவை செய்து முடித்தவனுக்கே வாக்குரிமை. நூல் மிகத் திறமையாக எழுதப்பட்டது. ஹியூகோ பரிசும் பெற்றது. ஆனால் அது படைவாழ்வைப் புகழும் புகழ்ச்சி எம்மைக் கூசவைத்தது.

இரண்டாவது ஜோ ஹோல்ட்மன் எழுதிய 'ஃபொறெவர் வோர்', 1974. முடிவில்லாப் போர் என்று சொல்லலாம். ஹோல்ட்மன் பௌதிகமும் வானியலும் படித்தவர். வியட்னாம் போருக்குக் கட்டாய அழைப்பில் அனுப்பப்பட்டு, அங்கே படுகாயமுற்றுத் திரும்பியவர். ஹைன்லைனுக்கு மறுமொழிபோல அமைந்தது இந்த நூல். இதிலே பகைவனிலும் கொடியது காலம். ஒளியின் வேகத்தை அண்மித்து ஓடுபவனுக்குக் காலம் மெதுவாகச் செல்லும் என்பது ஐன்ஸ்ரைன் 1905 இல் வெளியிட்ட கொள்கையின் முடிபு. 1971 இல் அணுக்கடிகாரங்களை ஆகாயவிமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தும் இதனைச் சோதித்தனர். வித்தியாசம் மிகச் சிறிது, ஆனால் உண்டு. ஹோல்ட்மனுடைய போர்வீரன் மண்டெல்லாவுக்கு அந்த வித்தியாசம் சிறிதன்று. போருக்குப் போய்வர அவனுக்குச் செல்வது இரண்டு வருடமளவு. பூமியிலே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. வீடு திரும்புகிறான், தாய் கிழவியாயிருக்கிறாள். ஊரின் பேச்சு, உணவு, ஒழுக்கம், காசு எல்லாம் மாறிவிட்டன. கடைசியில் அவன் வெறுத்த படைக்கே திரும்பிப் போகிறான். அவனுக்குப் பழக்கமான இடம் வேறொன்றும் மிஞ்சவில்லை.

கூட்டத்திலுள்ள பெரியோருக்கு இவ்விடத்தில் ரைவத மன்னனின் கதை நினைவுக்கு வந்திருக்கும். மகள் ரேவதிக்கு வரன் கேட்க அவளையும் அழைத்துக்கொண்டு பிரமலோகம் போனான். அங்கே இசை நடந்துகொண்டிருந்ததால் முடியுமட்டும் காத்திருந்தான். பின்பு கேட்டால், நீ நினைத்த மாப்பிள்ளைமாரும் அவர் பேரப்பிள்ளைகளும் போய்விட்டனர், இருபத்தேழு சதுர்யுகம் கழிந்தது என்று பிரமா சொல்கிறார். இதைக் காட்டி ஐன்ஸ்ரைனை எம்மவர் முந்திவிட்டனர் என்று மார்தட்ட நாம் ஆயத்தமில்லை. புராணம் கணக்குச் சொல்லவில்லை. வீடு திரும்பியவன் வீட்டைக் காணாத துயரத்தை அது அறிந்திருந்தது. அவ்வளவே, அதுவே போதும். நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர், பிறந்த ஊரின் சந்தியிலே பெட்டியுடன் இறங்கி நின்று, தம்முடைய வீட்டுக்கு வழி கேட்டதை நாம் நேரிற் கண்டோம். மண்டெல்லாவின் கதையை அதன்பின் மீண்டும் வாசித்தோம். முதல் வாசிப்பில் விளங்காத பக்கங்கள் அப்பொழுது விளங்கின. இந்நூலில் ஆண்பெண் உறவைப்பற்றி வெளிப்படையான பகுதிகள் உண்டு. ஆகவே வளர்ந்தோர் கைக்கு மட்டும் கொடுக்குமாறு நூலகரைக் கேட்டுக்கொள்கிறோம்.

'டியூன்' பற்றி அதிகஞ் சொல்லத் தேவையில்லை. ஃபிராங்க் ஹெர்பட் 1965 இல் வெளியிட்ட நூல். 2021 இலும் 2024 இலும் வந்த படங்களை இளைஞரெல்லாம் பார்த்துவிட்டனர். படம் பார்த்தவர் நூலையும் வாசிக்கவேண்டும் என்பதற்கு ஒரே காரணஞ் சொல்கிறோம். பாலைவன மக்கள் தம்மை மீட்க ஒருவன் வருவான் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையின் வித்து, வெளியாரால் வேண்டுமென்றே பல தலைமுறைக்கு முன் அங்கே ஊன்றப்பட்டது. அது எப்படி ஊன்றப்பட்டது, எப்படி முளைத்தது என்பதை நூலே நன்றாக விளக்குகிறது. கதாநாயகனைக் கண்டு மயங்கியவர் 1969 இல் வந்த இரண்டாம் நூலையும் வாசிக்கட்டும்; மயக்கந் தெளியும்.

ஆதர் சி. கிளாக் எங்கே என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. 1956 இல் இந்நாட்டுக்கு வந்து, 2008 இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவரை எப்படி மறப்போம்? அவரும் மைக் வில்சனும் திருக்கோணமலைக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்களை அடியிலே கண்டதற்காகவே எமது சங்கம் அவருக்குக் கடமைப்பட்டது. ஆனால் அவர் அண்டவெளி நாடகம் எழுதுபவரல்லர். 1973 இல் வந்த 'றாந்தேவூ வித் ராமா'வில், ஐம்பது கிலோமீற்றர் நீளமான ஓர் உருளை வருகிறது. அதனைக் கட்டியவரைக் காணாமலே கதை முடிகிறது. பேரரசுமில்லை, பெரும்போருமில்லை. அவருடைய நூல்கள் வேறு தட்டுக்கு உரியவை. அந்தத் தட்டுக்கும் விண்ணப்பங் கொடுங்கள், கையொப்பமிடுகிறோம்.

மனம் விட்டுச் சிரிக்கவும் வேண்டும் என்பவர் லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் 'வோர்கோசிகன்' தொடரை எடுக்கலாம். 1986 இல் தொடங்கியது. மைல்ஸ் என்பவன் வயிற்றில் இருக்கும்போதே தாய் நச்சுவாயுத் தாக்குதலுக்கு உள்ளானதால், எலும்பு கண்ணாடிபோல உடையும் உடம்புடன் பிறந்தவன், குள்ளன். அவன் பிறந்த உலகமோ வாளெடுத்த வீரரையே மதிப்பது. ஊனமுற்ற குழந்தையைக் கொன்றுவிடும் பழைய வழக்கத்தை இன்னும் முற்றாக விடாதது. உடம்பால் முடியாததை அவன் நாக்காலும் மூளையாலும் முடிக்கிறான். இத்தொடரில் 'மவுண்டின்ஸ் ஒவ் மோர்னிங்' என்ற குறுநாவல் 1989 இல் வந்தது. மலைநாட்டுக் குக்கிராமம் ஒன்றிலே, உதடு பிளந்து பிறந்த சிசுவொன்று கொல்லப்படுகிறது. விசாரிக்க மைல்ஸ் போகிறான். இதிலே கப்பலுமில்லை, குண்டுமில்லை. விசாரிக்கப் போனவனும் அந்த ஊராரின் கண்ணுக்குக் கொன்றிருக்க வேண்டிய குழந்தையே. இருநூறு பக்கங்கூட இல்லாத இந்தக் கதையை எமது சங்கத்துப் பெண் அங்கத்தவர்களும் தாய்மாரும் ஒன்றாயிருந்து வாசித்தால் நல்ல சர்ச்சை ஒன்று நடக்கும்.

விரைவாக வேறு மூன்று. இயன் பாங்ஸ் எழுதிய 'பிளேயர் ஒவ் கேம்ஸ்', 1988: ஓர் ஆட்டத்தில் வெல்பவனே சக்கரவர்த்தியாகும் நாட்டுக்கு அயல்நாட்டு ஆட்டக்காரன் ஒருவன் போகிறான். வேணர் விஞ்சியின் 'ஃபயர் அப்பொன் த டீப்', 1992: நாலைந்து நாய்போன்ற உடம்புகள் சேர்ந்து ஒரே மனமாக வாழும் உயிர்களை அதிற் காணலாம், தொடக்கம் கடினம், பொறுத்துக்கொள்க. சாமுவேல் டிலேனியின் 'பாபெல்-17', 1966: பகைவரின் சங்கேதத்தை உடைக்க ஒரு கவிஞரை அனுப்புகிறார்கள், அது சங்கேதமன்று, 'நான்' என்ற சொல்லே இல்லாத ஒரு மொழி என்று அவள் காண்கிறாள். தமிழாசிரியர் எவரும் இதனைத் தவறவிடலாகாது.

கடைசியாக இரண்டு புதிய நூல்கள். இவற்றுக்காகவே இப்பேச்சை ஒப்புக்கொண்டோம்.

ஆன் லெக்கியின் 'அன்சிலரி ஜஸ்ரிஸ்' 2013 இல் வந்தது. றாட்ச் என்றொரு பேரரசு. 'குடிமகன்' என்பதற்கும் 'நாகரிகமுள்ளவன்' என்பதற்கும் அதன் மொழியில் ஒரே சொல். அது நாடுகளைப் பிடிக்கும். பிடிபட்டவரின் உடல்களில் அவரவர் நினைவை அழித்து, போர்க்கப்பலின் ஒரே மனத்தை அத்தனை உடல்களிலும் புகுத்திச் சேவகராக்கும். கதை சொல்பவர் அப்படியொரு கப்பல். கப்பல் அழிந்து, ஆயிரக்கணக்கான உடல்களில் ஒன்று மட்டும் மிஞ்சிய நிலையில் பேசுகிறார். போன நாடுகளின் பாட்டுகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பாடிக்கொண்டே திரிவது அவருடைய பழக்கம். அந்த மொழியிலே ஆண்பால் பெண்பால் வேறுபாடில்லை. ஆகவே நூல் எல்லாரையும் ஆங்கிலத்திற் பெண்பாலாகவே சொல்கிறது. தமிழில் 'அவர்' இருக்கிறதே, மொழிபெயர்ப்பது எளிது என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாம் உடன்படவில்லை. 'அவர்' என்றால் வாசகன் இடறாமற் போய்விடுவான். இடறவேண்டும் என்பதே ஆசிரியர் விருப்பம். 'அவள்' என்றே போடவேண்டும்.

மற்றது ஆக்கடி மார்ட்டின் எழுதிய 'எ மெமறி கோல்ட் எம்பயர்', 2019. ஆசிரியர் பைசாந்தியப் பேரரசின் சரித்திரத்தை ஆராய்ந்தவர். சிறியதொரு விண்நிலையத்திலிருந்து மஹித் என்னும் இளம்பெண் பேரரசின் தலைநகருக்குத் தூதுவராகப் போகிறாள். அப்பேரரசின் மொழியில் நகரம், உலகம், பேரரசு மூன்றுக்கும் ஒரே சொல். தனது சிறிய நிலையத்தை அது விழுங்காமற் காப்பது அவளுடைய கடமை. ஆனால் சிறுவயது முதல் அப்பேரரசின் கவிதையிலே தோய்ந்தவள் அவள். அந்த மொழியிற் சிலேடை கேட்டால் மகிழ்கிறாள். அந்த அவையிலே கவிதை சொல்லும் ஒருத்தியாக இருக்க ஏங்குகிறாள். எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அவர்களுக்கு அவள் நன்றாகப் பேசக் கற்ற அந்நியப் பெண்ணே. தன் மக்களை விழுங்க வருவதைத் தான் நேசிக்கிறோம் என்று அறிந்தே நேசிப்பவள் என்ன செய்வாள்?

இந்த நூலை ஓர் இரவிலே வாசித்து முடித்தோம். மூடி வைத்தபோது எம்முடைய அலுமாரியைப் பார்த்தோம். இன்று நாம் பெயர் சொன்ன நூல்களில் ஒன்றைத்தானும் தமிழிலே வாசித்தவரல்லோம். கிப்பனும் ஆங்கிலத்தில்; அசிமோவும் ஆங்கிலத்தில்; ஆங்கிலத்தால் இழந்ததைப் பற்றி எழுதியதையும் ஆங்கிலத்திலேயே வாசித்து மகிழ்ந்தோம். அதற்காக வெட்கப்பட்டோமா என்றால், இல்லை. மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை என்பதும் உண்மை.

பெரியவருக்கு எமது மறுமொழி இதுவே: காசு முழுவதையும் கேட்கவில்லை. இவ்வருடம் ஐந்து நூல்கள் போதும். அசிமோவின் முதல் நூல், ஹோல்ட்மன், புஜோல்டின் அந்தக் குறுநாவல், லெக்கி, மார்ட்டின். இளைஞர் அசிமோவிலே தொடங்கட்டும். நேரங் குறைந்த பெரியோர் புஜோல்டிலே தொடங்கட்டும். விண்ணப்பத்திற் கையொப்பமிட்ட இளைஞரில் யாராவது அந்தக் குறுநாவலைத் தமிழிற் பெயர்த்துக் கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுவந்தால், வரிக்கு வரி பார்த்துத் திருத்திக் கொடுக்க நாம் ஆயத்தம். குழு முடிவெடுக்கும்வரை எமது சொந்தப் பிரதிகளை நூலகரிடம் இன்றே ஒப்படைத்துள்ளோம். ஹோல்ட்மனை அந்தப் பெரியவரே முதலிற் பதிந்து எடுத்துக்கொண்டுவிட்டார். மற்றவை மேசையில் இருக்கின்றன. பக்கத்தை மடியாமல், இரண்டு கிழமைக்குள் திருப்பித் தருக.